மெதுவா மேடமும் ஒரு மத்தியானத் தூக்கமும்

என் அக்காவுக்காக நான் பல தடவை செத்திருக்கிறேன். ஒரு தடவை குடல்வால் வெடித்து, ஒரு தடவை மயக்க மருந்து அதிகமாகி, இன்னொரு தடவை பிரசவத்தில். பிரசவத்தில் சாகச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்துப் பார்த்தேன். "வாயை மூடிட்டுப் படுடா, செத்தவங்க பேச மாட்டாங்க" என்று சொல்லிவிட்டாள்.

அக்கா வக்கீல். மருத்துவமனைக்குள் நடந்து போய் நடக்க முடியாமல் திரும்பியவர்களுக்கும், திரும்பியே வராதவர்களின் வீட்டாருக்கும் வழக்காடுகிறவள். ஒரு வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்னால் அவளுடைய அலுவலகத்தின் நீள மேஜையிலிருந்து எல்லா வழக்குக் கட்டுகளையும் தரையில் இறக்கி வைத்துவிட்டு, ஓர் ஆளை நோயாளியாகப் படுக்க வைப்பாள். யார் எந்தப் பக்கம் நின்றார், ஊசி எந்தக் கையில் போட்டது, விளக்கு எங்கே, கதவு எங்கே என்று நடந்ததை எல்லாம் அந்த உடம்பின் மேல் ஒவ்வொன்றாக நடத்திப் பார்ப்பாள். இந்த வேலைக்கு முதலில் தன் கணவரைத்தான் கேட்டாள். மாமா பயந்த சுபாவம். "நான் உயிரோட இருக்கேன், அப்படியே இருந்துட்டுப் போறேனே" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வேலை தம்பி தலையில் விழுந்தது.

என் சொந்தத் தொழில் டிரைவிங் ஸ்கூல். வண்டி ஓட்டத் தெரியாதவர்களை ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. பயம் எல்லை மீறும்போது அழுத்திக்கொள்ள என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கம் காலோடு ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் போனாலும் என் வலது கால் தரையை அழுத்தும். வீட்டில் டிவியில் கார் வேகமாக வந்தால்கூட அழுத்தும். என் மனைவி அதைப் பார்த்துச் சிரிப்பாள். நான் அழுத்தவே இல்லை என்று சண்டைக்குப் போவேன். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியும் இருப்பேன்.

அக்கா இந்த வழக்குகளுக்கென்று கிளம்பி வந்தவள் இல்லை. சுவர்த் தகராறு, வாடகைத் தகராறு, பக்கத்து வீட்டு மரக்கிளைத் தகராறு என்று பிழைப்பு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்த ஒரு தையல்காரம்மா ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார். உட்கார்ந்ததும் இடது கையால் தன் வலது கையைத் தூக்கி மேஜை மேல் வைத்துக்கொண்டார், ஏதோ பையைத் தூக்கி வைக்கிற மாதிரி.

"கையில என்ன?"

"அதை விடுங்கம்மா. காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க, தொங்கிப்போச்சு. அது என் தலையெழுத்து. நீங்க வீட்டைப் பாருங்க."

அக்கா வீட்டையும் பார்த்தாள், கையையும் விடவில்லை. ஊசி போட்ட மருத்துவர் மேல் வழக்குப் போட்டாள். போட்டுத் தோற்றாள். கூண்டில் நின்ற அந்த மருத்துவர் மடமடவென்று வாயில் நுழையாத வார்த்தைகளாக ஒரே மூச்சில் கொட்ட, இவள் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். தீர்ப்பு வந்த அன்று தையல்காரம்மாதான் இவளைத் தேற்றி அனுப்பினார். வீட்டுக்கு வந்த அக்கா சாப்பிடவில்லை. "புரியலன்னு சொல்ல வெக்கப்பட்டேன்டா. அந்தம்மாவோட கை போனது அவரால. வழக்குப் போனது என் வெக்கத்தால" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வெட்கம் என்பதே இல்லாமல் போய்விட்டது. பழைய மருத்துவப் புத்தகங்களாக வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு படிப்பாள். அதிலுள்ள படங்களைப் பார்த்து வீட்டில் பாதிப் பேருக்குச் சோறு இறங்காது. நீதிமன்றத்தில் எவ்வளவு பெரிய மருத்துவர் வந்து நின்றாலும், "மெதுவா சொல்லுங்க டாக்டர். எனக்கு அவசரமே இல்ல. இன்னொரு தடவை, மெதுவா" என்பாள். குரல் உயராது. முகத்தில் கோபம் இருக்காது. மூன்றாவது தடவை மெதுவாகச் சொல்லும்போது பல பேருக்குத் தாங்கள் சொல்வது தங்கள் காதிலேயே விழ ஆரம்பிக்கும். அதில்தான் வியர்க்கும். 'மெதுவா மேடம்' என்ற பெயர் நீதிமன்ற வராந்தாவில் பிறந்து மருத்துவமனைகளுக்கும் பரவிவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்காவது பல் வலித்தால் உறவைச் சொல்லாமல்தான் டோக்கன் வாங்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு அவளை மருத்துவர்களின் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்புகிறவள் அவள். "டாக்டர் மேல தப்பு இல்லம்மா. உங்களுக்கு நடந்தது கொடுமைதான், ஆனா யாரும் பண்ணது இல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். ஆறுதலுக்கு வந்தவர்கள் அவளைத் திட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கும். இவள் கோப்பை மூடி வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள்.

அவளுக்கு இரண்டு விதிகள் உண்டு. பதில் தெரியாத கேள்வியை நீதிமன்றத்தில் கேட்கக் கூடாது. இன்னொன்று, சாட்சியை வாயால் சொல்ல விடாமல் கையால் செய்து காட்டச் சொல்ல வேண்டும். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"வாய்க்கு வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. கைக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க" என்றாள்.

அப்போது அது எனக்குச் சும்மா கெட்டிக்காரத்தனமான பேச்சாகத்தான் பட்டது.

அந்தத் தாயும் மகளும் வந்த நாளைச் சொல்கிறேன். மகள் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியிருந்தாள். கண்ணைச் சுற்றி யாரோ மை தடவிவிட்ட மாதிரி கறுப்பு. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், ஆனால் நடுவே இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு.

குடும்பத் தலைவர் பஸ் ஓட்டுநர். பித்தப்பையில் கல். காலையில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, வலிக்கு மருந்து சொட்டுச் சொட்டாக ஏற்றி வார்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். விரலில் ஒரு கிளிப், அதிலிருந்து ஒரு வயர், தலைமாட்டுச் சுவரில் ஒரு மிஷின். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அது கத்தும். அம்மா துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருக்கிறார். முந்தின ராத்திரி முழுக்க விழித்திருந்த மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்துவிட்டாள். வலி மருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய மூச்சை அடக்கியிருக்கிறது. துணிப்பையோடு திரும்பி வந்த மனைவி பார்த்தபோது உதடு நீலமாக இருந்தது. மிஷினில் எண் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

உயிர் போனவரின் கட்டில் பக்கத்திலேயே அந்தத் தாய் மகளைப் பார்த்து, "தூங்குறதுக்காடி உன்னை இங்க உக்கார வெச்சேன்?" என்று கேட்டிருக்கிறார். அதோடு நிறுத்தியவர்தான், அப்புறம் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மருத்துவமனை கொடுத்த பதில் இன்னும் மோசம். மிஷின் நல்ல நிலையில் இருக்கிறது, சத்தத்தை யாரோ முழுக்க நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எங்கள் ஊழியர்கள் அப்படி நிறுத்தக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு, பக்கத்தில் இருந்தது மகள் மட்டும்தான். அதாவது, தூக்கத்துக்கு இடைஞ்சல் என்று மகளே நிறுத்தியிருக்கிறாள். சத்தம் நிறுத்தப்பட்டது என்று மிஷின் பதிந்து வைத்திருக்கிறது, நிறுத்திய கை யாருடையது என்று அதற்குத் தெரியாது.

அக்கா மகளிடம் மட்டும் கேட்டாள். "நீ தொட்டியாம்மா?"

அந்தப் பெண் தன் விரல்களைப் பார்த்தாள்.

"தெரியல மேடம். தூக்கத்துல சத்தம் கேட்டுச்சு. நிக்கணும், நிக்கணும்னு இருந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு. நின்னதும் நிம்மதியா இருந்துச்சு. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. நானே எழுந்து அமுக்கியிருந்தா? எனக்குத் தெரியலயே மேடம்."

அக்காவின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் தன் கட்சிக்காரரே 'நான்தான் கொன்றேனோ' என்று அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

மேஜையில் படுத்தேன். நாற்காலியை மகள் உட்கார்ந்திருந்த இடத்தில் போட்டு, சுவரில் மிஷின் இருந்த உயரத்தில் ஒரு காலண்டரை மாட்டி, அந்தப் பெண்ணையே உட்கார வைத்துப் பார்த்தாள் அக்கா. எட்டாது என்று வந்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும் என்று எனக்கு ஆசை. அவள் லேசாக எழுந்து கையை நீட்டினாள். விரல் காலண்டரின் நடுவில் போய் இடித்தது. எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் நின்றாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் போனதும் நான் கத்தினேன். "அக்கா, இதைக் கை கழுவிடு. மருத்துவமனையே சமரசத்துக்கு வர்றாங்க இல்ல? ஒத்துக்கிட்டு ஏதோ வாங்கிக் கொடு. கோர்ட்டுக்குப் போனா அந்தப் பொண்ணை எல்லார் முன்னாடியும் கொலைகாரின்னு சொல்லுவாங்க."

அக்காவும் அதையேதான் நினைத்திருக்கிறாள். மறுநாளே தாயையும் மகளையும் வரவழைத்து, சமரசத்துக்கு வழி இருக்கிறது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாள். தாய் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்கு நஷ்டஈடு வேணாம்மா. இவ பண்ணாளா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும். தெரியாம இவளோட ஒரே வீட்ல என்னால இருக்க முடியல."

மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மகள் அழுவாள் என்று பார்த்தால் அவள் தலையை ஆட்டினாள். "எனக்கும் அதான் மேடம் வேணும்" என்றாள். அத்தனை நாளில் அம்மாவும் பெண்ணும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அக்கா வழக்கை நடத்தினாள். பதில் தெரியாத கேள்வியைக் கேட்க மாட்டேன் என்றவள், பதிலே தெரியாத வழக்கோடு உள்ளே போனாள்.

அந்த வார்டு நர்ஸ் சாட்சி சொல்ல வந்த நாள் எனக்கு ஒவ்வொரு நொடியாக நினைவிருக்கிறது. நடுத்தர வயது, சுத்தமாக வாரிய தலை, நீண்ட நாள் நின்றே வேலை பார்த்தவர்களுக்கு வருகிற கனத்த நடை. பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"வழக்கமா வர்ற ரவுண்ட்ஸ்ல வந்தேன். விரல்ல கிளிப் லூசா இருந்துச்சு. சரி பண்ணேன். நம்பர் ஏறுச்சு. பேஷண்ட் தூங்கிட்டிருந்தார். பொண்ணும் தூங்கிட்டிருந்துச்சு. அடுத்த கட்டில்ல கூப்பிட்டாங்க, போயிட்டேன்."

"நீங்க வந்தப்ப மிஷின் கத்திட்டிருந்துச்சா சிஸ்டர்?"

"ஞாபகம் இல்ல மேடம். எங்க வார்டுல எப்பவும் ஏதாவது ஒண்ணு கத்திட்டுத்தான் இருக்கும். கை அசைஞ்சா கத்தும், இருமினா கத்தும்."

"சத்தத்தை நீங்க நிறுத்தினீங்களா?"

"இல்ல மேடம். நாங்க நிறுத்த மாட்டோம். நிறுத்தக் கூடாது."

கண்ணைப் பார்த்துச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல், எப்போதும் கோட்டில் ஒரு தூசி இல்லாமல் வருகிற மனிதர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். எங்கள் பெஞ்சில் தாயும் மகளும், நடுவில் அதே இடைவெளி.

நர்ஸ் கட்டிலருகே எவ்வளவு நேரம் நின்றார் என்பதை நீதிபதிக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அக்காவின் திட்டம். கிளிப்பைச் சரி பண்ணிவிட்டு மூச்சைக் கவனிக்காமல் போய்விட்டார் என்று நிரூபித்தால் கொஞ்சமாவது பழி மகள் மேலிருந்து நகரும். செய்து காட்ட அனுமதி கேட்டாள்.

நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னைக்கும் உங்க தம்பிதானா?"

"ஆமாங்க ஐயா."

"சரி. வந்து படுக்கச் சொல்லுங்க. செருப்பைக் கழட்டிட்டு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். மேஜை மேல் ஏறிப் படுத்தேன். விரலில் துணி காயப்போடுகிற கிளிப்பை அக்கா மாட்டிவிட்டாள். மிஷினுக்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை. அது அன்றைய பேச்சிலேயே இல்லை. மேலே பார்த்தால் கூரையும் ஒரு பழைய மின்விசிறியும்தான்.

"நீங்க வார்டுக்குள்ள வர்றதுலேருந்து செஞ்சு காட்டுங்க சிஸ்டர். பேச வேண்டாம். அன்னைக்கு எப்படிச் செஞ்சீங்களோ அப்படி."

நர்ஸ் நாலு எட்டு பின்னால் போய், நடந்து வந்து என் வலது பக்கம் நின்றார். வலது கை என் விரல் கிளிப்பைத் தேடி வந்தது. அதே நேரம் இடது கை என் தலைக்கு மேலே எழும்பிப் போய் வெறும் காற்றில் தட்டியது, ஒன்றுக்கு இரண்டு தடவை. பிறகு இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையை அவர் பார்க்கவே இல்லை. என் முகத்துக்கு நேர் மேலே நடந்ததால் நான் பார்த்தேன். என் வலது கால் மேஜையில் விறைத்தது. டிவி முன்னால் உட்கார்ந்து தரையை அழுத்துகிற அதே கால்.

அக்காவும் பார்த்துவிட்டாள். அவளுடைய முகத்தில் ரத்தமே இல்லை.

"நில்லுங்க சிஸ்டர்" என்றாள். குரல் ஏறவில்லை. "இன்னொரு தடவை. மெதுவா."

நர்ஸ் திரும்பப் போய் வந்தார். வலது கை விரலுக்கு. இடது கை தலைக்கு மேலே. தட்டல், தட்டல்.

"அப்படியே இருங்க. உங்க இடது கை இப்ப என்ன பண்ணுது?"

"எந்தக் கை?"

அண்ணாந்து பார்த்தார். காற்றில் நீட்டிய விரலோடு கை அங்கேயே இருந்தது. புதிதாக வேலைக்கு வந்தவருக்குச் சொல்லிக் கொடுக்கிற சாதாரணக் குரலில் பதில் வந்தது.

"அது சத்தத்தை நிறுத்துறது. ஒரு தடவை அமுக்கினா கொஞ்ச நேரத்துல திரும்பக் கத்த ஆரம்பிச்சுடும். ரெண்டு தடவை அமுக்கினாத்தான் முழுசா நிக்கும். எல்லாரும் அப்படித்தான், உள்ள வந்ததும் முதல்ல அதை..."

அங்கே நின்றுவிட்டார். தான் சொன்னது தன் காதில் விழுந்து, உள்ளே இறங்குவதை நான் கீழேயிருந்து பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம். கண்கள் பெரிதாகி, தன்னுடைய கையையே, யாரோ தெரியாத ஆளின் கை மாதிரி வெறித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ" என்றார். "நானா? நானா அது?"

தூசி இல்லாத கோட்டுக்காரர் ஆட்சேபிக்க எழுந்தவர், எதை ஆட்சேபிப்பது என்று தெரியாமல் பாதியில் நின்றார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் பெஞ்சில் மகள் எழுந்து நின்றிருந்தாள். ரெண்டு தடவை அமுக்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த மிஷினை வாழ்க்கையில் அப்பா செத்த அன்றுதான் முதல் தடவை பார்த்தவள் அவள். அந்த எண்ணம் அவளுக்கு எட்டிய அதே நொடியில் அவளுடைய தாய்க்கும் எட்டியிருக்க வேண்டும். தாய் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

நர்ஸ் மேஜை விளிம்பைப் பிடிக்கப் போனார், பிடி கிடைக்கவில்லை. செத்தவன் எழுந்திருக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். நான் எழுந்து அவரைப் பிடித்து, சாட்சிக்கான நாற்காலியில் உட்கார வைத்தேன். துணி கிளிப் இன்னும் என் விரலில் இருந்தது. "எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாதுங்க" என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ நான்தான் அந்த ஓட்டுநர் என்பது போல. நம்பினேன். அவரைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான்.

"வக்கீலம்மா, அடுத்த கேள்வி?" என்றார் நீதிபதி.

வெற்றி கையில் விழுந்திருக்கிறது. வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் குரலை உயர்த்தி ஒரு பிரசங்கம் பண்ணியிருப்பார்கள். எங்கள் மெதுவா மேடம் பேயறைந்த மாதிரி நின்றாள்.

"கேள்வி இல்லைங்க ஐயா. எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்" என்றாள்.

தீர்ப்பு பிறகு வந்தது. எங்களுக்குச் சாதகமாகத்தான் வந்தது. நடுவில் மருத்துவமனை, முழுப் பழியையும் அந்த நர்ஸ் தலையில் கட்டித் தன் கையைத் துடைத்துக்கொள்ளப் பார்த்தது. அக்கா அதை விடவில்லை. நாள் முழுக்கச் சும்மா சும்மா கத்துகிற மிஷின்களுக்கு நடுவே அத்தனை கட்டிலுக்கும் ஒருவரை மட்டும் நிறுத்தி வைத்தால், எந்தக் கையும் அப்படித்தான் பழகும் என்று வாதாடினாள். யார் பக்கத்து வக்கீல் என்று பார்க்கிறவர்களுக்கே குழம்பியிருக்கும். அதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது, நர்ஸ் சாட்சி சொன்ன அன்றைய சாயங்காலத்தை.

மூவரையும் என் டிரைவிங் ஸ்கூல் காரில்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அக்கா முன்னால், பாடம் நடத்தும்போது நான் உட்காருகிற, பிரேக் உள்ள பக்கத்தில். தாயும் மகளும் பின்னால். எனக்குப் பேசாமல் வண்டி ஓட்டத் தெரியாது, ஆனால் அன்று வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. அந்தத் தாய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. மன்னிச்சுடும்மா என்றோ, ஒரு அழுகையோ, ஏதாவது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் அந்த இடைவெளி இருந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. உண்மை தெரிந்தால் போதும் என்றாயே, இதோ தெரிந்துவிட்டதே, இன்னும் என்ன என்று மனசுக்குள் கத்தினேன்.

ஒரு சிக்னலில் நின்று கிளம்பி, மறுபடி கண்ணாடியில் பார்த்தபோது இடைவெளியைக் காணவில்லை. மகளின் தலை சரிந்து தாயின் தோளில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி. தாய் ஆடாமல் அசையாமல், முதுகுகூடச் சீட்டில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்த லாரிக்காரன் காது கிழிய ஹாரன் அடித்தான். மகள் அசையவில்லை. தாய்தான் சட்டென்று கையை எடுத்து அவளுடைய காதைப் பொத்தினார்.

அவர்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். "வீடு வந்துடுச்சும்மா" என்று சொல்லத் திரும்பினேன். பாதியிலேயே அவர் தலையை அசைத்துத் தடுத்துவிட்டார். கண்ணீர் தாடை வரைக்கும் வழிந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை அந்தக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"எழுப்பாதீங்க தம்பி" என்றார். "என் பொண்ணு தூங்கட்டும்."

எஞ்சினை நிறுத்தினால் எழுந்துவிடுவாளோ என்று நிறுத்தவில்லை. தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்தன. வண்டி எப்போதோ நின்றுவிட்டது. என் அக்கா மட்டும் தன் பக்கத்து பிரேக்கை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள்.